ஆப்பிரிக்காவில் தொலைநிலையில் பட்டம் படிக்க விரும்புவோருக்கு: சேருமுன்னும் சேர்ந்தபின்னும்

ஆப்பிரிக்க நாடுகளின் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் சேர்வது எளிது; முடித்து வெளியே வருவதுதான் கடினம். வேலை, குடும்பம், மின்தடை, இணையச் செலவு ஆகியவற்றுக்கு நடுவில் படிப்பவர் பாதியில் நின்றுவிட்டால், திறமைக் குறைவைக் காட்டிலும், சேரும் நாளில் கேட்காமல் விட்ட கேள்விகளே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பது என் கருத்து. ஆகவே இந்த வழிகாட்டி, பட்டம் கையில் கிடைக்கும் நாளை முதலில் நினைத்துப் பார்த்து, அங்கிருந்து விண்ணப்பப் படிவத்தை நோக்கிப் பின்னால் வருகிறது.

பட்டத்தை ஏற்கப் போவது யார்?

இதில் இரண்டு கேள்விகள் உள்ளன. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் பலர் செய்யும் தவறு. முதல் கேள்வி, அந்தப் பல்கலைக்கழகமும் குறிப்பிட்ட அந்தப் படிப்பும் நாட்டின் உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலைப் பெற்றவையா என்பது. நைஜீரியாவில் தேசியப் பல்கலைக்கழக ஆணையம், கென்யாவில் பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், உகாண்டாவில் தேசிய உயர்கல்வி மன்றம், தான்சானியாவில் தான்சானியப் பல்கலைக்கழக ஆணையம் ஆகியவை இதைப் பார்க்கின்றன. வகுப்பறையில் நடத்த ஒப்புதல் பெற்ற ஒரு படிப்பைத் தொலைநிலையில் நடத்தவும் ஒப்புதல் இருக்கிறதா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அரசின் கொள்கை நடுவழியில் மாறுவதும் உண்டு: 2010இல் எத்தியோப்பிய அரசு தொலைநிலைக் கல்வியைத் திடீரெனத் தடை செய்தது, பிற்பாடுதான் அந்தத் தடை தளர்ந்தது.

இரண்டாவது கேள்வி, நீங்கள் போக நினைக்கும் தொழிலின் மன்றம் அந்தப் பட்டத்தை ஏற்குமா என்பது. நைஜீரியத் தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டதாரிகள் பட்ட அனுபவம் இதற்குப் போதுமான சான்று. அரசு நிறுவிய அந்தப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துத் தேறியவர்களை, அது அஞ்சல்வழிப் படிப்பு என்ற காரணத்தைக் காட்டி, வழக்கறிஞர் பயிற்சிக்கான நைஜீரியச் சட்டப் பள்ளி பல ஆண்டுகள் சேர்க்கவில்லை. தேசிய இளைஞர் சேவைத் திட்டத்திலும் அப்பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகளுக்கு இடம் இல்லாதிருந்தது. 2018 டிசம்பரில் அதிபர் முகம்மது புகாரி பல்கலைக்கழகச் சட்டத்திருத்தத்தில் கையெழுத்திட்ட பிறகே வழி திறந்தது. 1983இல் தொடங்கிய இதே பல்கலைக்கழகத்தை 1984 ஏப்ரலில் மூடியது புகாரியின் இராணுவ அரசுதான் என்பதையும், 2002இல் ஒலுசெகுன் ஒபசாஞ்சோவின் ஆட்சியில்தான் அது மீண்டும் உயிர்பெற்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தத் துறையின் வரலாறு எவ்வளவு வளைவுகளைக் கொண்டது என்பது விளங்கும். சட்டம், ஆசிரியப் பணி, செவிலியம், கணக்கியல் ஆகியவற்றில் எதைப் படிப்பதாக இருந்தாலும், பல்கலைக்கழகத்தின் சொல்லை மட்டும் நம்பாமல் அந்தத் தொழில் மன்றத்துக்கே எழுதி, எழுத்து வடிவில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஒரு நாட்டில் படித்து மற்றொரு நாட்டில் வேலை தேடுபவர், சான்றிதழ்களை ஒப்பிட்டு மதிப்பிடும் அமைப்பை நாட வேண்டியிருக்கும். தென்னாப்பிரிக்காவில் அந்தப் பணியைச் செய்வது தென்னாப்பிரிக்கத் தகுதிநிலை ஆணையம். உயர்கல்வித் தகுதிகளை ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்பதற்கான அடிஸ் உடன்படிக்கை 2014இல் உருவாகி 2019இல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த நாடு என்பதாலேயே உங்கள் பட்டம் தானாக ஏற்கப்பட்டுவிடும் என்று எண்ண வேண்டாம்.

எந்த வகை நிறுவனம்?

தொலைநிலைக் கல்விக்கென்றே இயங்கும் பல்கலைக்கழகங்கள் ஒரு வகை. இவற்றில் மூத்தது பிரிட்டோரியாவில் உள்ள தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம். 1873இல் தேர்வு நடத்தும் அமைப்பாகப் பிறந்து, 1946இல் அஞ்சல்வழிக் கல்விக்கு மாறியது. நிறவெறி ஆட்சி அரசியல் கைதிகளை அடைத்துவைத்த ராபன் தீவுச் சிறையில் இருந்தோர் பலர் இதில்தான் படித்தார்கள். 1943இல் வேறொரு பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பைத் தொடங்கிய நெல்சன் மண்டேலா, 1989இல் கைதியாக இருந்தபடியே இதன் வழியாகச் சட்டப் பட்டத்தைப் பெற்றார். தான்சானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. ஜிம்பாப்வேயில் 1999இலும், மொரிஷியஸில் 2012இலும், கென்யாவில் 2023இலும் இத்தகைய பல்கலைக்கழகங்கள் உருவாயின. உகாண்டாவின் மக்கரேரே, கென்யாவின் நைரோபி போன்ற பழைய பல்கலைக்கழகங்கள் வகுப்பறைப் படிப்போடு தொலைநிலைப் படிப்பையும் நடத்துவது இரண்டாம் வகை. செனகலில் 2013இல் தொடங்கிய மெய்நிகர் பல்கலைக்கழகம் மூன்றாம் வகை. இப்போது செனகல் எழுத்தாளர் சேக் ஹமிது கான் பெயரைத் தாங்கும் அது இணையத்திலேயே பாடம் நடத்துகிறது. கணினியும் இணைப்பும் கொண்ட திறந்த மையங்களைப் பல ஊர்களில் வைத்திருக்கிறது. அங்கே பயிற்றுமொழி பிரெஞ்சு என்பதை மறக்க வேண்டாம்.

எந்த வகையானாலும், உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கற்றல் மையத்துக்கு ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். அங்கே இப்போது படித்துக்கொண்டிருப்பவர் ஒருவரிடம், ஒப்படைப்புகள் திருத்தப்பட்டுத் திரும்பி வர எத்தனை நாளாகிறது என்று கேளுங்கள். விளம்பரக் கையேடு சொல்லாததை அந்த ஒரு பதில் சொல்லிவிடும்.

‘திறந்த’ என்ற சொல்லின் அளவு

எந்தத் தகுதியும் இல்லாதவர் நேராகப் பட்டப் படிப்பில் சேரலாம் என்பது இதன் பொருளன்று. நைஜீரியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர நாடு தழுவிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டியதில்லை; ஆனால் பள்ளியிறுதிப் பாடங்களில் குறிப்பிட்ட தேர்ச்சி வேண்டும். தகுதி குறைந்தவர்களுக்குத் தான்சானியாவில் அடிப்படைப் படிப்பும் தென்னாப்பிரிக்காவில் உயர் சான்றிதழ்ப் படிப்பும் பாலமாக அமைகின்றன. பல ஆண்டுப் பணி அனுபவம் உள்ளவர்கள், வேலையிலும் பிற வழிகளிலும் முன்பே கற்றதை (முற்கற்றல்) மதிப்பிட்டு ஏற்கும் முறை உண்டா என்று விசாரித்தால் ஓராண்டையேனும் மிச்சப்படுத்த வாய்ப்புண்டு.

எத்தனை பாடங்கள் எடுக்கலாம்?

பலர் தவறுவது இந்தக் கணக்கில்தான். தென்னாப்பிரிக்கத் தகுதிநிலைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு. மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 360 கிரெடிட் வேண்டும். பாடம் ஒன்றுக்கு 12 கிரெடிட் என்றால், மொத்தம் 30 பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 120 மணி நேரம். 15 வாரப் பருவத்தில் அது வாரத்துக்கு 8 மணி நேரம். நான்கு பாடங்களுக்குப் பணம் கட்டியவர் வாரத்துக்கு 32 மணி நேரம் படிக்க வேண்டும் என்று அதற்குப் பொருள். முழுநேர வேலையில் இருப்பவருக்கு அது மற்றொரு வேலை. பருவத்துக்கு இரண்டு, வேலைப்பளு குறைந்த காலத்தில் மூன்று என்ற அளவே நிலைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டுக்கு ஆறு பாடமாக எடுத்தால் ஐந்தாண்டில் பட்டம் கிடைக்கும். நான்காக எடுத்தால் ஏழரை ஆண்டாகும். அதிகபட்சம் எத்தனை ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியைச் சேரும் நாளிலேயே படித்துவிட்டு, அதற்குள் அடங்குமாறு எண்ணிக்கையைத் தீர்மானியுங்கள். கட்டணம் பாடவாரியாக வசூலிக்கப்படும் இடங்களில், எழுதாமல் விட்ட தேர்வு என்பது வீணாய்ப் போன பணமும்கூட.

ஆசிரியப் பயிற்சி போன்ற படிப்புகளில் பள்ளியில் நேரடியாகப் பயிற்சி பெறும் வாரங்களும் உண்டு. அவற்றுக்கு விடுப்பு கிடைக்குமா என்பதை அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

மின்சாரமும் இணையமும்

இணைப்பு எப்போதும் இருக்கும் என்று நம்பித் திட்டமிடுவது தவறு. பருவத்தின் முதல் வாரத்திலேயே பாடக் கையேடு, ஒப்படைப்புக் கேள்விகள், பழைய வினாத்தாள்கள் ஆகிய அனைத்தையும் கோப்புகளாகத் தரவிறக்கி, கைப்பேசியிலும் நினைவகக் குச்சியிலும் வைத்துக்கொள்ளுங்கள். காணொளிகளைவிட எழுத்துவடிவப் பாடம் டேட்டாவை மிகக் குறைவாகவே தின்னும். பல்கலைக்கழகத் தளத்தைக் கட்டணமின்றிப் பார்க்க அலைபேசி நிறுவனம் ஏதேனும் ஏற்பாடு செய்திருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் சுழற்சி முறை மின்வெட்டு இருக்கும் காலங்களில் அட்டவணை முன்கூட்டியே வெளியாகும். படிப்பு நேரத்தை அதற்கேற்ப வகுத்துக்கொள்ளலாம்.

ஒப்படைப்பும் தேர்வும்

நைஜீரியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைப்புகளுக்கு 30 விழுக்காடும் இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடும் மதிப்பெண் ஒதுக்கப்படுகின்றன. 30தானே என்று விடுபவர், தேர்வறைக்குள் நுழையும் முன்பே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறார். ஒப்படைப்பைக் கெடு நாளுக்கு இரண்டு நாள் முன்பே பதிவேற்றி, அது ஏற்கப்பட்டதாகக் காட்டும் திரையை நேரத்துடன் படமெடுத்து வையுங்கள்; பின்னால் தகராறு வந்தால் கையிலிருக்கும் சான்று அதுதான்.

2020இல் பெருந்தொற்றின்போது தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் தேர்வுகளை இணையத்துக்கு மாற்றியது. கண்காணிப்புச் செயலிகளும் உடன் வந்தன. அத்தகைய தேர்வை எழுதுபவர், செயலியை ஒரு வாரம் முன்பே நிறுவி மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிப் பார்க்க வேண்டும். மின்னேற்றம் செய்த கைப்பேசியையும் மாற்று சிம் அட்டையையும் அருகில் வைத்திருக்க வேண்டும். தேர்வின் நடுவே மின்சாரம் போய்விட்டால், எந்த முகவரிக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதை முன்னரே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் ஆண்டு குறிப்பிட்டுச் சேமித்து வாருங்கள். பிற்காலத்தில் வேறு பல்கலைக்கழகத்துக்குக் கிரெடிட்டை மாற்றவோ வெளிநாட்டில் பட்டத்தை மதிப்பிடவோ கேட்கும்போது, மதிப்பெண் பட்டியலுடன் அதையும் கேட்பார்கள். பாடத்திட்டம் மாறிவிட்ட பிறகு பழையதைத் தேடிப் பிடிப்பது பல்கலைக்கழகத்துக்கே எளிதாக இருப்பதில்லை.