லேசிக்: கருவிழித் தடிமனை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்

கண்ணாடி பவரைப் போக்க, கருவிழியை (கார்னியா, கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம்) லேசரால் செதுக்கும் அறுவைதான் லேசிக். கருவிழியின் தடிமனை மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அளப்பார்கள். “கருவிழி 540 மைக்ரான், சராசரி அளவுதான், தாராளமாகச் செய்யலாம்” என்று கேட்டதும் பலருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. தவறு அங்கேதான் தொடங்குகிறது. லேசர் செதுக்கிய பிறகு எவ்வளவு மிஞ்சும்? அதைக் கேளுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். தடிமன் 500 மைக்ரான், பவர் மைனஸ் 8. மேலே மூடிபோலத் திறக்கும் ஃப்ளாப்புக்கு 110 போகும். 6.5 மி.மீ. வட்டத்தில் செதுக்கினால் ஒரு டயாப்டருக்கு (பவரின் அலகு) சுமார் 14 மைக்ரான், எட்டுக்கு 112. மிச்சம் 278. 250-க்குக் கீழே போகக்கூடாது என்ற பழைய விதிப்படி இது பாஸ். ஆனால் பல மருத்துவர்கள் இப்போது 300 இருந்தால்தான் கை வைக்கிறார்கள். ஃப்ளாப்பும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தை எட்டினால் ஆபத்து கூடும் என்றும் ஒரு அளவுகோல் உண்டு. இங்கே அது 44. ‘ஃப்ளாப்பைத் திரும்ப மூடிவிடுகிறார்களே’ என்று தோன்றலாம். மூடினாலும் பழைய பலம் வராது, அதனால் அதுவும் இழப்புக் கணக்கில்தான்.

அப்புறம், வடிவத்தை மறந்துவிடுவது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. தடிமன் நன்றாக இருந்தும், கெரட்டோகோனஸ் என்னும் கூம்பு நோயின் தொடக்க அறிகுறி ஒளிந்திருக்கலாம். அதில் லேசர் பட்டால் கருவிழி முன்னோக்கிப் புடைத்து, கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாத நிலை வரலாம். முன்புறம், பின்புறம் இரண்டையும் காட்டும் டோமோகிராஃபி ஸ்கேன் பார்க்காமல் சரி என்று சொல்லிவிடாதீர்கள். கண்ணைக் கசக்கும் பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருப்பது, பவர் ஏறிக்கொண்டே போவது: மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிய கையோடு ஸ்கேன் எடுத்தால் அளவு தப்பும். மென்லென்ஸ் என்றால் ஓரிரு வாரம், கடினலென்ஸ் என்றால் அதைவிட அதிக நாள் இடைவெளி வேண்டும்.

மெல்லிய கருவிழி என்றதும் மனம் தளர வேண்டாம். ஃப்ளாப் இல்லாமல் மேற்பரப்பிலேயே லேசரால் செதுக்கும் பிஆர்கே, கருவிழியைச் செதுக்காமல் உள்ளே லென்ஸ் வைக்கும் ஐசிஎல் என்று வேறு வழிகள் இருக்கின்றன. ஆனால் பிஆர்கேயும் கூம்பு நோய்ச் சந்தேகம் உள்ளவர்களுக்குப் பாதுகாப்புச் சீட்டு அல்ல.

அறுவைக்கு முந்தைய அளவுகளைத் தூக்கிப் போட்டுவிடுவதும் தவறுதான். கருவிழி மெலிந்தபின் கண்ணழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் கிளாக்கோமா என்னும் பார்வை நரம்பைச் சிதைக்கும் நோய் கவனத்துக்கு வராமல் போகலாம். பிற்காலத்தில் கண்புரை அறுவையில் வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடவும் அந்தக் காகிதம் உதவும்.