குளிருக்கு ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது

டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்காந்தா மலை மாதிரி பனி ட்ரெக்கிங் போகிறீர்களா? பையில் பெரிதாக -15 டிகிரி என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அது 'எக்ஸ்ட்ரீம்' அளவாக இருந்தால் உயிர் தப்பலாம், தூக்கம் வராது. நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிரைச் சொல்லும் 'கம்ஃபர்ட்' அளவைப் பாருங்கள். எதிர்பார்க்கும் குளிரைவிட 5 டிகிரி கீழே இருக்கட்டும்.

தொளதொளவென்று எடுத்தால் உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்கியே உடம்பு ஓய்ந்துவிடும். இறுக்கமானால் தோளும் முட்டியும் உள்பஞ்சை நசுக்கும். நசுங்கிய இடத்தில்தான் குளிர் ஏறும். கடையிலேயே ஃப்ளீஸ் (கம்பளி மாதிரியான கதகதப்பு மேல்சட்டை) போட்டுப் படுத்து, ஜிப்பை முழுக்க ஏற்றிப் புரண்டு பாருங்கள், கூச்சப்படாமல். உயரத்தைவிட 15-20 செ.மீ. நீளம் போதும். ஜிப்புக்குப் பின்னால் குளிர்காற்றைத் தடுக்கும் பஞ்சுப் பட்டி இல்லாததை வாங்காதீர்கள்.

முதுகுக்கு அடியில் பஞ்சு எப்படியும் அமுங்கும். அதனால் ஆர்-வேல்யூ (தரைக் குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) 4க்கு மேல் உள்ள மேட், அதாவது அடியில் விரிக்கும் மெத்தை, கட்டாயம்.