ஊர்ப் பள்ளிக்கூடம் தடுமாறினால் யாரிடம், எப்படிக் கேட்பது?

ஆசிரியர் ஒருவர்தான், இன்னொருவரை மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள், மழை வந்தால் வகுப்பறையில் வாளி வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இந்த நிலைக்கு வந்தால் நம்மில் பலர் செய்வது டீக்கடையில் எச்.எம்.மைத் திட்டுவது, அப்புறம் வேன் வரும் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது. ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்களையே நிர்ணயிக்கிறார்கள், அதனால் நாலு பிள்ளைகள் போனால் பள்ளி இன்னும் மெலியும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? பள்ளி மேலாண்மைக் குழுவில். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பி.டி.ஏ. என்கிற பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. உறுப்பினர் யார் யார் என்று எச்.எம்.மிடம் கேளுங்கள், தீர்மான நோட்டையும் பாருங்கள். எங்கள் ஊரில் கழிப்பறையைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "சொல்லியிருக்கோம்" என்றே இரண்டு வருடம் ஓடியது, கடைசியில் நோட்டைப் புரட்டினால் கழிப்பறை என்ற சொல்லே அதில் இல்லை.

தீர்மானத்தில் "போதிய ஆசிரியர் இல்லை" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். "48 பிள்ளைகள் படிக்கிறார்கள், சட்டப்படி 60 பேர் வரை 2 ஆசிரியர் வேண்டும், இன்ன தேதியிலிருந்து ஒருவர்தான் இருக்கிறார்" என்று எழுதுங்கள். 61 முதல் 90 வரை 3 பேர், 91 முதல் 120 வரை 4 பேர். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாம் அதே சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. பள்ளி மானியக் கணக்கையும் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, அதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குப் போக வேண்டும். செலவைக் கண்காணிப்பது குழுவின் வேலை, சட்டமே சொல்கிறது.

அடுத்து, மனுவைத் தப்பான மேசைக்கு அனுப்பி மாதக்கணக்கில் அலையாதீர்கள். ஆசிரியர், பாடம் என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். கட்டடம் ஒன்றியத்தின் சொத்து என்பதால் ஓட்டை, விரிசல் எல்லாம் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்துக்கு. சுவர் ஆட்டம் கண்டிருந்தால் அன்றைக்கே பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் அடைத்துவிட்டு, போட்டோவோடு இருவருக்கும் எழுதுங்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் மூன்று பேர் இறந்ததை மறக்க முடியுமா? எந்த மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

எச்.எம்.மை எதிரியாக்க வேண்டாம், பல இடங்களில் அவர் எழுதிய கடிதமும் ஏதோ ஒரு கோப்பில்தான் தூங்கிக்கொண்டிருக்கும். ஊரே போட்ட தீர்மானம் அவருக்கும் தெம்புதான்.

பதில் வரவில்லையா? கிராம சபையில் அதே கோரிக்கையைத் தீர்மானமாக ஏற்றுங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுங்கள். 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு என்ன ஆனது என்று கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 32ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்குப் புகார் எழுதினால் 3 மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அப்போது அவர்கள் கேட்கப்போவது அந்த ஒப்புகைச் சீட்டையும் தீர்மான நகலையும்தான்.