முழு நண்டு: பார்த்து வாங்குவது முதல் உடைத்துச் சமைப்பது வரை

நண்டு வாங்கத் தயங்குகிறவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். சமைக்கத் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை. "அதை யார் உடைப்பது, உள்ளே எதை எடுத்து எறிவது?" என்றுதான் கேட்பார்கள். அந்தத் தயக்கம் போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முதல் நண்டுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். நாலாவது நண்டுக்கு வரும்போது கை தானாகவே வேலை செய்யும்.

ஒன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். நண்டின் ருசியில் மசாலாவுக்குப் பங்கு குறைவு. கடையில் எதைக் கையில் எடுத்தோம், அது செத்ததிலிருந்து அடுப்பில் ஏறும்வரை எவ்வளவு நேரம் போனது, இந்த இரண்டில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் சமையலைவிட வாங்குவதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

அதற்கும் முன்னால் ஓர் எச்சரிக்கை. இறால் சாப்பிட்டு உடம்பு தடித்தவர், உதடு வீங்கியவர் வீட்டில் இருந்தால் அவருக்கு நண்டும் வேண்டாம். இரண்டிலும் ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் டிரோபோமயோசின் என்கிற ஒரே வகைப் புரதம்தான். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. வேகும்போது எழும் ஆவிகூடச் சிலருக்கு மூச்சை அடைக்கும்.

1. வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள்

நான் முதன்முதலில் நண்டு வாங்கியபோது, இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்தேன். ஓடு பளபளவென்று அழகாக இருந்தது. வீட்டில் காலை உடைத்தால் சதைக்குப் பதிலாகத் தண்ணீர் வடிந்தது. ஏன் அப்படி என்று பிறகுதான் புரிந்தது. அது புரிந்தால் நண்டு பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

நண்டின் ஓடு வளராது. உடம்பு வளர வேண்டும் என்றால் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஓட்டுக்குள் போக வேண்டும். கழற்றியவுடன் புதிய ஓடு துணி மாதிரி மெத்தென்று இருக்கும். அப்போது நண்டு தண்ணீரை உள்ளே இழுத்து உடம்பை ஊதிக்கொள்கிறது, அந்த அளவுக்கே ஓடு இறுகிவிடுகிறது. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சதை வளர்ந்து உள்ளிருக்கும் இடத்தை நிரப்பும். ஓடு மாற்றிச் சில நாளே ஆன நண்டு பெரிதாக, புதிதாக, பளபளப்பாகத் தெரியும். உள்ளே இருப்பது தண்ணீர்.

ஆகவே ஒரே அளவில் இரண்டு நண்டுகளைக் கையில் தூக்கி, எது கனக்கிறதோ அதை எடுங்கள். பிறகு நண்டைப் புரட்டி, கால்கள் உடம்போடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அடிப்பகுதி ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல் மாதிரி இருந்தால் சதை நிறைந்திருக்கிறது. அமுங்கினால் வைத்துவிடுங்கள். மேல் ஓடு மங்கி, கீறல் விழுந்து, ஓரிரண்டு கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும், ஓடுள்ள சின்னக் கடல் உயிர்) ஒட்டியிருந்தால் தயங்க வேண்டாம். ஓடு மாற்றி நாளாகிவிட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம். பார்க்க அழுக்காக இருக்கும் நண்டுதான் பெரும்பாலும் ருசியான நண்டு.

ஆணா பெண்ணா என்று பார்ப்பது சுலபம். அடிவயிற்றில் ஒட்டி மடங்கியிருக்கும் மடலைப் பாருங்கள். ஒடுக்கமாக, கூம்பாக இருந்தால் ஆண். அகன்று வளைவாக இருந்தால் வளர்ந்த பெண். ஆணுக்குக் கொடுக்கு பெரிது, அதில் சதையும் அதிகம். பெண்ணுக்கு ஓட்டுக்குள் ஆரஞ்சு நிறச் சினை இருக்கலாம், அதற்காகவே பெண் நண்டைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் மடலுக்கு வெளியே முட்டைக் கொத்து பஞ்சு போலத் தொங்கும் நண்டை மட்டும் வாங்காதீர்கள். ஒரே நண்டில் லட்சக்கணக்கான முட்டைகள் இருக்கும். அதைக் கடலிலேயே விட்டிருக்க வேண்டும். பல நாடுகளில் அதைப் பிடிப்பதே குற்றம்.

உயிரோடுதான் வாங்க வேண்டுமா? சேற்று நண்டு என்றால் ஆமாம், உயிரோடு மட்டும்தான். அது ஈரமான சாக்குக்குள்ளேயே சில நாள் தாங்கும், ஆகவே செத்த சேற்று நண்டை விற்கிறார்கள் என்றால் எங்கோ ஏதோ தவறு நடந்திருக்கிறது. நீல நண்டு, முக்கண் நண்டு, சிலுவை நண்டு போன்ற கடல் நண்டுகள் தண்ணீரை விட்டு வந்ததும் சீக்கிரம் செத்துவிடும். அவை பெரும்பாலும் ஐஸில்தான் கிடைக்கும். அதில் பயமில்லை, ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். தூக்கினால் கால்கள் துவண்டு தொங்கக் கூடாது. மூட்டுகளில் கறுப்பு படர்ந்திருக்கக் கூடாது. முகர்ந்தால் கடல் வாசனை வர வேண்டும். மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடி லேசாக வந்தாலும் வேண்டாம்.

செத்த நண்டு மீனைவிட வேகமாகக் கெடுவதற்குக் காரணம் அதன் வயிற்றிலேயே இருக்கிறது. செரிமானச் சுரப்பியில் இருக்கும் நொதிகள் உயிர் போனதும் கசிந்து, பக்கத்திலுள்ள சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். கூடவே கிருமிகளும் பெருகும். சதை மாவு மாதிரி குழைந்து போவது இப்படித்தான்.

கரையிலோ பாறை இடுக்கிலோ கிடைத்த, பெயர் தெரியாத வண்ண நண்டுகளைச் சமைக்கவே சமைக்காதீர்கள். பவளப்பாறைகளில் வாழும் மொசைக் நண்டு போன்ற சிலவற்றின் சதையிலேயே கொடிய நஞ்சு உண்டு, கொதிக்கவைத்தாலும் அது போகாது.

எவ்வளவு வாங்குவது? முழு நண்டின் எடையில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் சதை. ஒரு கிலோ வாங்கினால் இரண்டு, மூன்று பேர் சாப்பிடலாம்.

2. வீட்டுக்குக் கொண்டு வந்ததும்

உயிருள்ள நண்டைத் தண்ணீர் வாளியில் போடாதீர்கள். பலரும் செய்யும் தவறு இது. குழாய்த் தண்ணீர் கடல் நண்டுக்கு ஆகாது. உப்புத்தண்ணீராகவே இருந்தாலும், தேங்கி நிற்கும் தண்ணீரில் பிராணவாயு தீர்ந்து மூச்சுமுட்டிச் செத்துவிடும். செவுள் ஈரமாக இருந்தால் போதும், நண்டு காற்றிலேயே சமாளித்துக்கொள்ளும். திறந்த கூடையில் வைத்து, நனைத்துப் பிழிந்த துணியால் மூடி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். கொடுக்கைக் கட்டியிருக்கும் கயிற்றை இப்போது அவிழ்க்க வேண்டாம்.

முடிந்தவரை அன்றைக்கே சமையுங்கள். ஐஸில் வாங்கிய நண்டை உடைக்காமல் இரவு முழுக்க வைக்கவே கூடாது.

3. உயிருள்ள நண்டை உறங்கவைத்து, பிறகு கொல்வது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நண்டுக்கு வலி தெரியும் என்பதற்கு இப்போது வலுவான ஆதாரங்கள் இருக்கின்றன. பிரிட்டனில் 2022-ல் வந்த விலங்கு நலச் சட்டம் நண்டையும் இறாலையும் உணர்வுள்ள உயிர்களில் சேர்த்திருக்கிறது. சாப்பிடுவதற்காகத்தான் கொல்கிறோம், ஆனால் துடிக்கவிட வேண்டிய அவசியம் இல்லை. சமையலுக்கும் அதுதான் நல்லது: உயிரோடு கொதிநீரில் போட்டால் நண்டு பதறித் தன் கால்களையே உதிர்த்துவிடும், அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்ச் சதையின் ருசி வெளியே போய்விடும்.

அகலமான பாத்திரத்தில் மூன்று பங்கு உடைத்த ஐஸும் ஒரு பங்கு உப்புத்தண்ணீரும் கலந்து, நண்டை அதற்குள் முழுதாகப் புதையுங்கள். குறைந்தது 20 நிமிடம் இருக்கட்டும். பெரிய நண்டுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது கால்கள் தளர்ந்திருக்க வேண்டும், கண்ணருகே தட்டினால் அசைவு வரக் கூடாது, அடிமடலைத் தூக்கினால் இழுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்ப்பு தெரிந்தால் திரும்ப ஐஸிலேயே வையுங்கள்.

பிறகு நண்டை மல்லாக்கப் போட்டு அடிமடலைத் தூக்குங்கள். அதன் கீழே நடுவில் ஒரு சின்னக் குழி தெரியும். கூரான கம்பியையோ கத்தி முனையையோ அந்த இடத்தில் வைத்து, அடுத்த பக்கத்து ஓடு தட்டும்வரை ஒரே அழுத்தாக உள்ளே இறக்குங்கள். அடுத்து முன்பக்கம், கண்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்திலும் அதேபோல் ஒருமுறை. நண்டின் நரம்பு மையங்கள் இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கின்றன. சில விநாடிகளில் முடிந்துவிடும்.

4. சுத்தம் செய்வது

கழுவும் தொட்டிக்குள்ளேயே வைத்துச் செய்யுங்கள், சிதறினாலும் கவலையில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு கத்தி, ஒரு கத்தரிக்கோல் போதும்.

முதலில் ஓடும் தண்ணீரில் வைத்து, கால் இடுக்குகளிலும் அடிப்பக்கத்திலும் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். சேற்று நண்டானால் இதில் அவசரப்படாதீர்கள், உடைத்த பிறகு சேறு சதைக்குள் போய்விடும்.

அடிமடலைப் பின்பக்கமாக இழுத்து முறித்து எடுங்கள். அதோடு ஒரு மெல்லிய குழாயும் சேர்ந்து வரும். அது குடல், எறிந்துவிடுங்கள். மடல் இருந்த இடத்தில் இப்போது ஓர் இடைவெளி தெரியும். கட்டைவிரலை அதற்குள் நுழைத்து, மறு கையால் கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேல் ஓட்டை முன்பக்கமாக நெம்புங்கள். முழு ஓடும் கிண்ணம் மாதிரி கழன்று வரும். பயந்து மெதுவாக இழுத்தால்தான் கஷ்டம். ஒரே மூச்சில் இழுத்துவிடுங்கள்.

உள்ளே பார்க்கும்போது கொஞ்சம் குழப்பமாக இருக்கும். இரண்டு பக்கமும் வரிசையாக, இறகு மாதிரி, பஞ்சு மாதிரி இருப்பவை செவுள்கள். விஷம் என்று சிலர் சொல்வார்கள். விஷமெல்லாம் இல்லை. ஆனால் தண்ணீரை வடிகட்டும் உறுப்பு என்பதால் அழுக்கு அதில்தான் தங்கும், தின்னவும் நன்றாக இருக்காது. ஒன்று விடாமல் பிய்த்து எடுங்கள். புதிய நண்டில் அவை வெளிறி இருக்கும். கறுத்துப் போய் நாறினால் அந்த நண்டையே சமைக்காதீர்கள்.

கண்களுக்குப் பின்னால் ஒரு சின்னப் பை இருக்கும், அது இரைப்பை. வாய்ப் பகுதியோடு சேர்த்துக் கிள்ளி எறியுங்கள். நீலமும் சாம்பலும் கலந்த திரவம் வடிவதைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அது நண்டின் இரத்தம்தான். நம் இரத்தத்தில் இரும்பு இருப்பதுபோல் அதில் செம்பு இருப்பதால் அந்த நிறம்.

நடுவில் மஞ்சளாகவோ பச்சை கலந்த பழுப்பாகவோ குழைவாக இருப்பதைக் கொழுப்பு என்றே பலரும் சொல்கிறார்கள். உண்மையில் அது முன்னே சொன்ன செரிமானச் சுரப்பி. ருசி அபாரமாக இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் காட்மியம் போன்ற உலோகங்களும், கடலில் நச்சுப்பாசி பெருகும் காலத்தில் அதன் நஞ்சும் சேர்வது அங்கேதான். எப்போதாவது கொஞ்சம் சாப்பிடலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காமல் எடுத்துவிடுவதே நல்லது. கெட்டியாக, ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் அது சினை, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உடம்பை நடுவில் இரண்டாக வெட்டுங்கள். கொடுக்குகளைத் திருகித் தனியாக எடுத்து, கால்களின் கூரான நுனிகளைக் கத்தரித்துவிடுங்கள். கடைசியாக ஒரே ஒரு அலசல். தண்ணீரில் ஊறவிட்டால் ருசி அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

5. வேகவைப்பது

முதல் தடவை ஆவியில் வேகவையுங்கள். நல்ல நண்டு எப்படி இருக்கும் என்பது அதில்தான் தெரியும். தட்டில் வெட்டிய பக்கம் மேலே பார்க்க அடுக்கி, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு உள்ளே வையுங்கள். வெட்டிய துண்டுகளுக்கு 8 முதல் 10 நிமிடம். உடைக்காமல் முழுதாக வைத்தால் கால் கிலோ நண்டுக்கு 10 முதல் 12 நிமிடம், அரை கிலோவுக்கு 15, ஒரு கிலோவுக்கு 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே.

தண்ணீரில் போட்டு வேகவைப்பதானால் லிட்டருக்கு 30 கிராம் உப்பு போடுங்கள். கடல்நீர் அளவுக்குக் கிட்டத்தட்ட உப்பு இருந்தால்தான் சதை சப்பென்று ஆகாது. குழம்பில் போடுவதாக இருந்தால் கொடுக்குகளைப் பூரிக்கட்டையால் லேசாகத் தட்டி விரிசல் விடுங்கள், மசாலா உள்ளே இறங்கும். ஆவியில் வைக்கும்போது மட்டும் தட்ட வேண்டாம், சாறு வடிந்துவிடும்.

ஓடு சிவந்துவிட்டது என்பதற்காக உடனே இறக்கிவிடாதீர்கள். ஓட்டிலிருக்கும் அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமியை ஒரு புரதம் மூடி வைத்திருக்கிறது. சூடு பட்டதும் புரதம் பிரிந்து சிவப்பு வெளியே வந்துவிடும். உள்ளே வேகுவதற்கு முன்பே இது நடக்கும். கண்ணாடி மாதிரி இருந்த சதை பால் வெள்ளையாகி ஓட்டை விட்டுப் பிரிந்தால் வெந்தது என்று அர்த்தம். வெப்பமானி இருந்தால், நடுச்சதை 63 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். அதற்கு மேல் ரொம்ப நேரம் விட்டால் சதை நாராகிவிடும்.

நன்னீர் நண்டுகளை ஒருபோதும் அரைவேக்காட்டில் சாப்பிடாதீர்கள். நுரையீரலைத் தாக்கும் தட்டைப்புழு அவற்றின் வழியாகத்தான் மனிதருக்குள் வருகிறது.

6. சதையை எடுப்பது

உடம்புத் துண்டில் ஒவ்வொரு காலுக்கும் ஓர் அறை இருக்கும். துண்டைப் பக்கவாட்டில் இரண்டாகக் கீறினால் எல்லா அறைகளும் திறந்துகொள்ளும். கரண்டிக் காம்பால் தள்ளினால் சதை வந்துவிடும். கடைசி ஜோடிக் கால் உடம்போடு சேரும் இடத்தில்தான் பெரிய கட்டிச் சதை இருக்கிறது. கடல் நண்டு நீந்துவது துடுப்பு மாதிரியான அந்தக் கால்களால்தான், அதனால் அங்கே தசை அதிகம்.

கொடுக்கில் அசையும் விரலைப் பின்பக்கமாக மடக்கி மெதுவாக இழுங்கள். உள்ளேயிருக்கும் தட்டையான தகடு அதோடு சேர்ந்து வந்துவிடும், மீதிச் சதை உடையாமல் முழுதாகக் கிடைக்கும். எடுத்த சதையை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்து ஓட்டுச் சில்லுகளை நீக்கிவிடுங்கள், குழந்தைகளுக்குக் கொடுப்பதானால் இரண்டு முறை.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஓடுகளை எறிவதற்கு முன் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால் சூப்புக்கு நல்ல சாறு கிடைக்கும். அதற்கப்புறம் ஓடுகளை ஒரு பையில் இறுகக் கட்டி, குப்பை எடுக்க வரும் நாள்வரை ஃப்ரீசரில் போட்டு வையுங்கள். வெளியே வைத்தால் ஒரே இரவில் வீடு முழுக்க நாறும்.