பாலத் தளத்தின் கெட்ட கான்கிரீட்டை நீரால் உரிப்பது எப்படி?

ஜாக்ஹாமரும் கான்கிரீட்டை உடைக்கும். ஆனால் அதன் அதிர்ச்சியில் அடியில் நிற்கும் நல்ல கான்கிரீட்டிலும் மயிரிழை விரிசல் விழும். அதன்மேல் போடும் புதுப் பூச்சு அந்த விரிசல் அடுக்கோடு பெயர்ந்து வந்துவிடும். உயர் அழுத்த நீர் நுண்துளைகளில் புகுந்து உள்ளிருந்து பிளப்பதால் வலுவிழந்த பகுதிதான் முதலில் கழன்று வரும், கம்பியும் துரு நீங்கிக் கிடைக்கும்.

1. சுத்தியலால் தட்டுங்கள், அல்லது சங்கிலியை இழுத்துப் பாருங்கள். பொள்ளல் ஓசை வரும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்துக் குறியிடுங்கள். கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைக் கவர் மீட்டரால் பாருங்கள். முன்தகைவுக் கம்பி (முன்பே இழுத்து இறுக்கிய கம்பி) இருந்தால் வடிவமைப்புப் பொறியாளர் சொல்லும்வரை எதையும் தொடாதீர்கள்.

2. மெலிந்த தளத்தை நீர்த் தாரை துளைத்துக்கொண்டு கீழே பாயும். எனவே பாலத்துக்கு அடியில் ஆள், வண்டி எதுவும் இருக்கக் கூடாது. வடிகால் துளைகளை அடைத்துவிடுங்கள்.

3. இனி ஒத்திகை. இதை அவசரப்படுத்தினால் மொத்த வேலையும் கெடும். நீரைப் பீய்ச்சும் ரோபோக்கள் பெரும்பாலும் 1,000 முதல் 1,400 பார் அழுத்தத்தில், நிமிடத்துக்கு 100 முதல் 250 லிட்டர் நீரோடு ஓடும். முதலில் நல்ல கான்கிரீட்டில் சிறு கட்டம் ஒன்றை உரித்து, வேண்டிய ஆழம் வரும்வரை நாசிலின் (நீர் பீய்ச்சும் முனையின்) வேகத்தையும் நகர்வையும் மாற்றுங்கள். பிறகு அதே அமைப்பில் கெட்ட இடத்தில் ஓட்டுங்கள். அங்கே தானாகவே ஆழமாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அமைப்பு தவறு.

4. கம்பிக்கு நேர் கீழே தாரை எட்டாமல் கான்கிரீட் திட்டு ஒட்டியிருக்கும். கம்பியின் சுற்றளவில் பாதிக்கு மேல் வெளிப்பட்டிருந்தால், அதன் அடியில் குறைந்தது 20 மி.மீ. இடைவெளி வேண்டும். எஞ்சியதைக் கை லான்ஸால் (கையில் பிடித்து நீர் பீய்ச்சும் குழலால்) எடுக்கலாம். கவனம்: தாரை தோலில் பட்டால் வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், உள்ளே சதை சிதைந்திருக்கும். வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த நீர்க் காயம் என்று சொல்லுங்கள்.

5. உரித்த கையோடு கழுவி, வேக்குவம் வண்டியால் உறிஞ்சுங்கள். சேற்றில் இன்னும் இறுகாத சிமெண்ட் இருக்கும். காயவிட்டால் வெள்ளைத் தோலாக ஒட்டிக்கொண்டு பூச்சைப் பிடிக்கவிடாது.

6. கழிவுநீரின் பிஎச் 11-ஐத் தாண்டும், ஆற்றில் விட்டால் மீன் சாகும். தொட்டியில் தெளியவைத்து, கார்பன் டை ஆக்சைடு செலுத்தி நடுநிலையாக்கிய பிறகே வெளியேற்றலாம்.

7. மறுபடி தட்டுங்கள், கம்பியின் தேய்மானத்தை அளந்துகொள்ளுங்கள். பூச்சு போடும் நேரத்தில் கான்கிரீட் உள்ளே ஊறியும், மேலே நீர் மினுங்காமலும் இருக்க வேண்டும்.