நுவரெலியாக் குளிரில் டைஃபுக்கு

டைஃபுக்கு என்பது உள்ளே பயற்று இனிப்பு வைத்த ஜப்பானிய அரிசிமா உருண்டை. அதைப் பழக வரும் பிள்ளைகளுக்கு உருண்டை பிடிக்கத்தான் அவசரம். நான் முதல் நாள் அங்கோவைத் தவிர வேறெதையும் தொடவிடமாட்டேன். உள்ளே வைக்கும் அந்தப் பயற்று இனிப்பு சரிவராவிட்டால் மேலே எவ்வளவு அழகு செய்தும் பயனில்லை.

ஜப்பானில் அசுகி என்னும் சிறிய சிவப்புப் பயற்றில் செய்வார்கள். நான் சிவப்புக் கௌபியில் செய்கிறேன். 150 கிராமை இரவே ஊறவையுங்கள். காலையில் ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். துவர்ப்பு அதோடு போகும். புதுத் தண்ணீரில் பிரஷர் குக்கரில் வேகவையுங்கள். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பானையில் வைத்தால் அரை நாள் போய்விடும்.

வெந்த பயற்றைப் பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். பலமில்லாத சுண்டுவிரலுக்கே அது நசுங்க வேண்டும். அதுவரை சீனி போடக்கூடாது. போட்டால் தோல் இறுகிவிடும், பிறகு மசியாது. தண்ணீரை வடித்து, 120 கிராம் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துத் தாச்சியில் கிண்டுங்கள். அகப்பையால் கோடு இழுத்தால் தாச்சியின் அடி ஒரு கணம் தெரிந்து மூடும்போது இறக்குங்கள். ஆறினால் இன்னும் இறுகும். கித்துள் கருப்பட்டி போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ருசிதான், ஆனால் பயற்றின் மணம் அமுங்கிவிடும்; நான் போடுவதில்லை.

மேல்மாவுக்கு ஒட்டரிசி மா 100 கிராம், சீனி 50 கிராம், தண்ணீர் 150 மில்லிலீற்றர். கொழுக்கட்டை மா இழுபடாது, வேண்டாம். கட்டியில்லாமல் கரைத்து, 20 நிமிடம் ஆவியில் வேகவைத்து, நடுவில் ஒருமுறை கிளறுங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடிபோல் மினுங்கினால் வெந்துவிட்டது. சோளமா தூவிய தட்டில் கொட்டி, சூட்டோடு எட்டாகப் பிரியுங்கள். ஓரத்தை நடுவைவிட மெல்லியதாக விரிக்கச் சொல்லிக்கொடுங்கள். அடியில் ஒன்றுசேரும்போது அது தானாகத் தடிக்கும். ஓரத்தில் சோளமா பட்டிருந்தால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. 25 கிராம் அங்கோ உருண்டையை நடுவில் வைத்து மூடுங்கள்.

சீனி அதிகம் என்று குறைக்காதீர்கள். நம் குளிரில் அரிசி மா சீக்கிரம் விறைக்கும். அதை மென்மையாக வைத்திருப்பது சீனிதான். குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்காதீர்கள். அன்றே, சீனி போடாத தேநீரோடு சாப்பிடுங்கள். முதியவர்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள், தொண்டையில் அடைத்துவிடும். மறுநாள் மிஞ்சியதைத் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் இருபுறமும் வாட்டுங்கள். ஜப்பானிலும் அப்படி வாட்டிச் சாப்பிடுவதுண்டு.