ஐபிசிஎஸ் பட்டியலில் சுழியைக் கண்டதும் நீக்கிவிடாதீர்கள்

மன்னார்குடிப் பக்கத்து நெல் அரவை ஆலை ஒன்றில், குறுவை வரத்து உச்சத்தில் இருந்த ஓர் அக்டோபர் காலையில், எடைமேடைக் கணினியில் பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பகிர்வு நினைவகத்தைத் துப்புரவு செய்யப்போய் நான் வேலையைக் கெடுத்தேன். நிரல்கள் தமக்குள் தகவல் பரிமாறப் பயன்படுத்தும் ஐபிசி வளங்களைப் பட்டியலிடுவது லினக்ஸின் ஐபிசிஎஸ் கட்டளை. அதை நினைவகத்துக்கான 'எம்' விருப்பத்தோடு இயக்கியபோது, இரண்டு நினைவகத் துண்டுகளுக்கு நேரே 'என்அட்டாச்' நெடுவரிசையில் சுழி இருந்தது. இணைந்திருக்கும் செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) ஒன்றுமில்லை, ஆகவே குப்பை என்று எண்ணி ஐபிசிஆர்எம் என்ற நீக்கும் கட்டளை கொண்டு நீக்கினேன். சற்று நேரத்தில் எடைச் சீட்டு அச்சாகாமல் லாரிகள் வாசலில் வரிசைகட்டின.

என்அட்டாச் என்பது அந்த நொடியில் இணைந்திருப்போரின் எண்ணிக்கை மட்டுமே. ஐபிசிஎஸ் காட்டும் சிஸ்டம் ஃபைவ் என்ற யூனிக்ஸ் வகைத் துண்டு, யாரும் இணையாவிட்டாலும், வெளிப்படையாக நீக்கும்வரையோ கணினி மறுதொடக்கம் ஆகும்வரையோ இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இருக்கும். எங்கள் சீட்டு நிரலோ லாரி ஏறும்போது மட்டும் இணைந்து, உடனே விலகுவது; துண்டைப் புதிதாக உருவாக்கவும் அதற்குத் தெரியாது. மே மாதத்தில் வறண்டு கிடக்கிறதே என்று டெல்டாவில் யாரும் வாய்க்காலைத் தூர்ப்பதில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் அது வேண்டும்.

நீக்குமுன் 'டி' விருப்பத்தால் கடைசியாக இணைந்த, விலகிய நேரங்களையும், 'பி' விருப்பத்தால் உருவாக்கிய செயல்முறையின் எண்ணையும் பார்க்க வேண்டும். உருவாக்கியது இறந்துவிட்டது என்பது மட்டும் சான்றாகாது. அதே எண் வேறொரு செயல்முறைக்கு வந்திருக்கவும் கூடும். அளவு சிறியது என்றும் அலட்சியம் வேண்டாம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 9.3 பதிப்பு முதல் வைத்திருக்கும் மிகச் சிறிய துண்டு, ஒரே தரவுக் கோப்பகத்தில் இரண்டு சேவையகங்கள் ஓடாமல் காக்கும் பூட்டு.

ஐபிசிஆர்எம்மில் சிற்றெழுத்து எம் அடையாள எண்ணையும், பேரெழுத்து எம் உருவாக்கிய நிரல் அதற்குக் கொடுத்த திறவியையும் கேட்கும். இணைப்புள்ள நினைவகத் துண்டை நீக்கினால், 'டெஸ்ட்' என்ற குறியோடு கடைசிச் செயல்முறை விலகும்வரை அது நீடிக்கும். நிரல்களுக்கிடையே முறை காக்கும் செமஃபோருக்கும், செய்தி கைமாற்றும் செய்தி வரிசைக்கும் அந்தத் தயவு இல்லை; அவை உடனே போய்விடும், அவற்றில் காத்திருந்த நிரல்கள் பிழையோடு திரும்பும்.

பட்டியலில் இல்லாதது கணினியிலேயே இல்லை என்று நம்புவதும் தவறுதான். போசிக்ஸ் என்ற இன்னொரு வகைப் பகிர்வு நினைவகம் ஐபிசிஎஸ் பட்டியலில் வராது; அதை டெவ் கோப்பகத்தின் எஸ்ஹெச்எம் அடைவில் தேட வேண்டும். நிரல்களைத் தனியே அடைத்து ஓட்டும் கண்டெய்னருக்குப் பொதுவாகத் தனி ஐபிசி பெயர்வெளி, அதாவது தனக்கென்று தனி வளப் பட்டியல், இருப்பதால், உள்ளே இருப்பது வெளியிலிருந்து தெரியாது.

செமஃபோர் உருவாக்கும்போது 'சாதனத்தில் இடமில்லை' என்று பிழை வந்தால் பலர் வட்டைத் துழாவுகிறார்கள். நிரம்பியிருப்பது பெரும்பாலும் கெர்னலின் உச்சவரம்பு. 'எல்' விருப்பம் அந்த வரம்பையும், 'யு' விருப்பம் தற்போதைய பயன்பாட்டையும் காட்டும். வரம்பை உயர்த்துவது அன்றைய பொழுதைத்தான் ஓட்டும். செமஃபோரை விட்டுவிட்டுப் போகும் நிரலைத் திருத்தும்வரை பிழை திரும்பத் திரும்ப வரும்.

யாரும் கை வைக்காமலே வளங்கள் மறைந்தால், சக ஊழியரைச் சந்தேகிக்குமுன், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 'ரிமூவ் ஐபிசி' அமைப்பைப் பாருங்கள். அது இயங்கும் நிலையில் இருந்தால், சாதாரணப் பயனர் முழுவதுமாக வெளியேறியதும் அவருக்குச் சொந்தமான ஐபிசி வளங்கள் துடைக்கப்படும். சேவைகளை, அவற்றுக்கென்றே உருவாக்கும் சிஸ்டம் பயனரின் பெயரில் ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லை.